லுவார் பள்ளத்தாக்கில் கிரேவல் சைக்கிள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சின் மிக நீளமான ஆறு லுவார். தெற்கே மலைப்பகுதியில் பிறந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கும் சற்று அதிகமாக ஓடி, அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. இதில் சுல்லி-சூர்-லுவாருக்கும் ஷலோன்-சூர்-லுவாருக்கும் இடைப்பட்ட சுமார் 280 கிலோமீட்டர் பகுதியை யுனெஸ்கோ 2000-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அரண்மனைகளுக்காகத்தான் பெரும்பாலானோர் அங்கே போகிறார்கள். ஆனால் கிரேவல் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பள்ளத்தாக்கு இன்னும் பெரிய விருந்து. கிரேவல் என்றால் ரோடு சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பாரும் அகலமான டயரும் கொண்ட வண்டி. தார் சாலையிலும் போகும், மண்ணிலும் சரளையிலும் போகும். இந்த வண்டியோடு லுவாருக்குப் போகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் சில தவறுகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை சைக்கிள் மிதிப்பதற்கு முன்பே, திட்டம் போடும் மேசையிலேயே நடந்துவிடுகின்றன.

ஆற்றை விட்டு விலகாமல் போவது

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். 'லுவார் ஆ வேலோ' என்ற பெயரில் புகழ்பெற்ற சைக்கிள் பாதை ஒன்று இருக்கிறது. நெவேர் நகருக்கு அருகே தொடங்கி, கடலோர ஊரான சான்-ப்ரெவான் வரை சுமார் 900 கிலோமீட்டர். அட்லாண்டிக்கிலிருந்து கருங்கடல் வரை ஐரோப்பாவைக் குறுக்கே கடக்கும் யூரோவேலோ 6 பாதையின் ஒரு பகுதியும் இதுவே. வழிகாட்டிப் பலகைகள் தெளிவாக இருக்கும், வாகனங்கள் குறைவு, குழந்தைகளோடு குடும்பமாகப் போகலாம். இத்தனை நல்ல பெயர் உள்ள பாதை கிரேவலுக்கும் பொருந்தும் என்று நம்பி அப்படியே போனில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

ஆனால் அது கிரேவல் பாதை அல்ல. பெரும்பகுதி தார் போட்ட சிறு சாலைகள். ஆங்காங்கே இறுக்கிய மணல் தளம், அவ்வளவுதான். உண்மையான கிரேவல் எல்லாம் ஆற்றிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, காடுகளிலும் திராட்சைத் தோட்டங்களுக்கு இடையிலும் கிடக்கிறது. ஓர்லேயான் காடு மட்டுமே சுமார் 35,000 ஹெக்டேர். பிரான்சின் பெருநிலப்பரப்பில் இதைவிடப் பெரிய அரசுக் காடு இல்லை. புளுவா நகரைச் சுற்றி புளுவா, ருஸ்ஸி, பூலோஞ் காடுகள். கீழே போனால் அம்புவாஸ் காடு, அப்புறம் ஷினோன் காடு. எல்லாவற்றிலும் வனத்துறையின் சரளைச் சாலைகள் நேர்கோடாக ஓடுகின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'லுவார் அரண்மனைகள்' என்று நாம் சொல்பவற்றில் மிகப் புகழ்பெற்ற பலவும் லுவார் ஆற்றின் கரையில் இல்லை. ஷெனோன்சோ ஷேர் ஆற்றின் மேல் நிற்கிறது. அசே-லெ-ரிதோ ஆந்த்ர் ஆற்றின் நடுவே. ஷினோன் கோட்டை வியென் ஆற்றங்கரையில். ஷாம்போர் இருப்பது கொசோன் என்ற சிற்றாற்றின் ஓரம். பெரிய ஆற்றையே பிடித்துக்கொண்டு போகிறவர் கிரேவலையும் இழக்கிறார், அரண்மனைகளில் பாதியையும் இழக்கிறார்.

ஆற்றோரப் பாதையை முதுகெலும்பாக மட்டும் வைத்துக்கொள்வதுதான் சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. ஆற்றோர ஊர் ஒன்றில் இரண்டு மூன்று இரவு தங்கி, தினமும் ஒரு பக்கமாகச் சுற்றிவிட்டுத் திரும்புங்கள். சைக்கிளில் மூட்டை இருக்காது. மண் பாதையில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். அம்புவாஸில் தங்கினால் ஷாந்த்லூ பகோடாவிலிருந்து தொடங்கலாம். 18-ம் நூற்றாண்டில் ஷுவாஸல் கோமகன் எழுப்பிய அந்த 44 மீட்டர் கோபுரத்தைத் தொட்டு, காட்டுப் பாதைகள் விசிறி போலப் பிரிகின்றன. காட்டைக் கடந்து தெற்கே இறங்கினால் ஷேர் பள்ளத்தாக்கு. ஷெனோன்சோவை நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே பார்ப்பது ஒரு அழகு. ஷேரின் தென்கரையிலிருந்து, ஆற்றுக்கு மேல் நீளும் அந்த மண்டபத்தை எதிரே நின்று பார்ப்பது வேறொரு அழகு. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் பிடித்த பகுதிக்கும் பிடிக்காத பகுதிக்கும் இந்த ஷேர் ஆறுதான் எல்லைக்கோடாக இருந்தது. அந்த மண்டபத்தின் தெற்குக் கதவு ஆக்கிரமிக்கப்படாத பக்கம் திறந்தது. தென்கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு அந்தக் கதவைப் பார்க்கும்போது வரலாறு மிக அருகில் வந்துவிடுகிறது.

சோமூர் பக்கம் தங்கினால் வேறொரு சுற்று. வியென் ஆறு லுவாரோடு கலக்கும் இடத்தில் கான்த்-சான்-மர்த்தான் என்ற ஊர். தூர் நகரின் ஆயராக இருந்த புனித மார்ட்டின் 397-ல் இறந்தது இங்கேதான். அங்கிருந்து மேலேறினால் ஃபோன்தெவ்ரோ மடம். இங்கிலாந்து அரசர்கள் இரண்டாம் ஹென்றி, ரிச்சர்ட், அரசி எலினோர் ஆகியோரின் கல்லறைச் சிற்பங்கள் அதன் தேவாலயத்தில் கிடக்கின்றன. திரும்பும் வழி முழுக்கத் திராட்சைத் தோட்டங்கள், சுண்ணாம்புக் கல்லைக் குடைந்த குகை வீடுகள். ஒரு எச்சரிக்கை: ஃபோன்தெவ்ரோவுக்கு அருகே ராணுவப் பயிற்சி நிலம் உண்டு. வரைபடத்தில் அழகான மண் பாதைகள் அதற்குள் தெரியும். எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் திரும்பிவிடுங்கள்.

சமதளம், இறக்கம், காற்று

ஆற்றோரம் சமதளம் என்பது உண்மை. ஆனால் பள்ளத்தாக்கின் அடியிலிருந்து மேட்டு நிலத்துக்கு ஏறும் சரிவுகள் குட்டையாக இருந்தாலும் செங்குத்தானவை. ஒரே நாளில் பத்து முறை ஏறி இறங்கினால் கால்கள் கணக்கு வைத்திருக்கும். இங்குள்ள வெண்ணிறச் சுண்ணாம்புக் கல் மண் மழையில் நனைந்தால் வழுக்கும், சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். ஆற்றோரத்தில் ஒரு நாளுக்கு 90 கிலோமீட்டர் போகிறவர் காடும் மேடும் கலந்த பாதையில் 60 வைத்துக்கொள்வது நல்லது.

திசை விஷயத்திலும் பலர் தவறான முடிவு எடுக்கிறார்கள். ஆறு கடலை நோக்கி ஓடுகிறது, நாமும் அப்படியே போனால் இறக்கமாக இருக்கும் என்ற எண்ணம். நெவேரிலிருந்து கடல் வரை 200 மீட்டருக்கும் குறைவான இறக்கம்தான். 900 கிலோமீட்டரில் அதை உணரவே முடியாது. ஆனால் காற்றை உணர முடியும். அங்கே பெரும்பாலும் வீசுவது அட்லாண்டிக்கிலிருந்து வரும் மேற்குக் காற்று. நீண்ட பயணம் என்றால் நாந்த் அல்லது ஆன்ஜே பக்கம் தொடங்கிக் கிழக்கே போங்கள், காற்று முதுகைத் தள்ளும்.

இணையத்தில் கிடைத்த தடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பின்தொடர்வது

யாரோ போட்டுவைத்த ஜிபிஎக்ஸ் தடத்தை, அதாவது போனில் ஏற்றும் வழித்தடக் கோப்பை, இறக்கிக்கொண்டு போவது வசதிதான். ஆனால் ஆற்றின் தென்புறம் உள்ள சொலோஞ் பகுதியில் அது சிக்கலில் மாட்டிவிடும். குளங்களும் காடுகளும் நிறைந்த அந்த நிலத்தில் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தமான வேட்டைக் காடு. மைல் கணக்கில் வேலி போட்டதால் விலங்குகள் நடமாட முடியாமல் போனது பெரிய அரசியல் பிரச்சினையானது. 2023 பிப்ரவரியில் வந்த சட்டம் உயரமான வேலிகளைக் கட்டுப்படுத்தியது. அதே சட்டம், தனியார் நிலம் என்று குறியிடப்பட்ட இடத்தில் அனுமதியின்றி நுழைவதை அபராதத்துக்குரிய குற்றமாகவும் ஆக்கியது. எனவே 2023-க்கு முன் ஒருவர் தாராளமாக ஓட்டிச் சென்ற பாதை இன்று உங்களுக்கு அபராதச் சீட்டு வாங்கித் தரலாம். கிளம்புவதற்கு முன் பிரான்சின் அரசு நில அளவை நிறுவனமான ஐஜிஎன்னின் வரைபடத்தில் தடத்தை வைத்து, பொதுப் பாதையா என்று பாருங்கள். வழியில் பலகை இருந்தால் பலகைதான் சரி, போன் அல்ல.

ஷாம்போருக்கும் இது பொருந்தும். 1519-ல் பிரெஞ்சு அரசர் முதலாம் பிரான்சுவா கட்டத் தொடங்கிய அந்த அரண்மனையைச் சுற்றி 5,440 ஹெக்டேர் வேட்டைக்காடு, 32 கிலோமீட்டர் மதில். அவ்வளவு பெரிய காட்டில் பொதுமக்களுக்குத் திறந்திருப்பது ஒரு பகுதி மட்டுமே. அதற்குள் நல்ல சைக்கிள் பாதைகள் இருக்கின்றன, அவற்றிலேயே ஓட்டுங்கள். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மான்கள் இணைசேரும் காலம். அதிகாலையிலும் அந்தி நேரத்திலும் கலைமான்களின் முழக்கம் காடெங்கும் கேட்கும். அதற்காகவே அந்தப் பருவத்தில் போகலாம்.

ஆனால் அதே இலையுதிர்காலத்தில்தான் வேட்டைப் பருவமும் தொடங்குகிறது, பிப்ரவரி இறுதிவரை நீள்கிறது. இதை அறியாமல் கறுப்புச் சட்டையில் காட்டுக்குள் நுழைவது இந்தக் கட்டுரையில் உள்ள தவறுகளிலேயே ஆபத்தானது. பாதை முகப்பில் 'ஷாஸ் ஆன் கூர்' என்ற பலகை வைத்திருந்தால் வேட்டை நடக்கிறது என்று பொருள். வேறு வழியில் போய்விடுங்கள். பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேல்சட்டை போடுங்கள். எந்த நாளில் எங்கே வேட்டை என்பதை ஊர் நகராட்சி அலுவலகத்திலோ தங்கும் விடுதியிலோ கேட்டால் சொல்வார்கள்.

நடைபாதைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிவப்பு-வெள்ளைக் கோடு போட்ட ஜிஆர் 3 பாதை லுவாரை ஒட்டியே போகிறது. பிரான்சில் முதன்முதலாகக் குறியிடப்பட்ட நெடுநடைப் பாதை இதுதான். 1947-ல் ஓர்லேயானுக்கும் போஜான்சிக்கும் இடையே திறந்தார்கள். சில இடங்களில் சைக்கிளுக்கும் இடம் கொடுக்கும், பல இடங்களில் ஒற்றையடிப் பாதை. நடப்பவர்கள் வந்தால் இறங்கி வழிவிடுங்கள்.

வெள்ளமும் மணல்திட்டும்

லுவார் அடக்கப்பட்ட ஆறு போலத் தெரியும், அப்படி அல்ல. கரைமேடுகளைக் கட்டும் வேலை 12-ம் நூற்றாண்டிலேயே, இரண்டாம் ஹென்றி காலத்தில் தொடங்கியது. அப்படியும் 1846, 1856, 1866 ஆகிய மூன்று பெருவெள்ளங்கள் கரைகளை உடைத்துக்கொண்டு போயின. 2016 ஜூனில் ஷாம்போர் அரண்மனையே தண்ணீர் நடுவே நின்றது. மலைப்பகுதியில் பெய்யும் மழை சில நாட்கள் கழித்துத்தான் கீழே வந்து சேரும் என்பதால், உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் தாழ்வான பாதை மூழ்கியிருக்கலாம். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் அரசின் 'விஜிக்ரூ' தளத்தில் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கோடையில் நிலைமை தலைகீழ். ஆறு சுருங்கி, பொன்னிற மணல்திட்டுகள் தெரியும். சைக்கிளை இறக்கி அங்கே ஓட்டவும், குளிக்கவும் ஆசை வரும். வேண்டாம். மணல் காலடியில் சரியும், நீரோட்டம் திடீரென்று இழுக்கும், பல இடங்களில் குளிக்கத் தடையும் உண்டு. அதோடு வசந்தத்திலிருந்து ஆகஸ்டு வரை ஆலா என்னும் ஆற்றுப் பறவைகள் அந்த வெறும் மணலில்தான் முட்டையிடுகின்றன. முட்டை மணல் நிறத்திலேயே இருக்கும். மிதித்த பிறகுதான் தெரியும். கரையிலிருந்து பார்ப்பதே போதும்.

டயர், தண்ணீர், சாப்பாடு

பிரான்ஸ்தானே, சாலை நன்றாக இருக்கும் என்று 32 மில்லிமீட்டர் டயரோடு போகாதீர்கள். சொலோஞ்சில் மணல் ஆழமாக இருக்கும். மேட்டு நிலங்களில் கூர்மையான தீக்கல் சில்லுகள் டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும். 40 அல்லது 45 மில்லிமீட்டர், ட்யூப்லெஸ், உள்ளே அடைப்பான் திரவம், கிழிசலுக்கு உள்ளே வைக்க ஒரு பட்டை. காற்றை அளவுக்கு மீறி அடிக்க வேண்டாம்.

சிற்றூர்களில் கடைகள் பகலில் 12 மணிக்கு மூடி 2 மணிக்கு மேல்தான் திறக்கும். ஞாயிறு பிற்பகலும் திங்களும் இன்னும் மோசம். ரொட்டிக்கடை வாரத்தில் ஒரு நாளாவது மூடியிருக்கும். பகல் உணவைக் காலையிலேயே வாங்கிப் பையில் வைத்துக்கொள்வதுதான் ஒரே வழி. தண்ணீருக்குப் பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் பயன்படுத்தும் நல்ல உத்தி ஒன்று இருக்கிறது: கல்லறைத் தோட்டம். செடிகளுக்கு ஊற்றுவதற்காகப் பெரும்பாலும் அங்கே குழாய் இருக்கும். 'நோன் பொத்தாப்ல்' (குடிக்க உகந்ததல்ல) என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் சோமூர் பக்கத்தில் 'ஃபுவே' கேளுங்கள். விறகு அடுப்பில் உப்பிவரும் சிறு ரொட்டிக்குள் வெள்ளைப் பயறும், குகைகளில் வளர்த்த காளானும் வைத்துத் தருவார்கள். எண்பது கிலோமீட்டர் மிதித்த பசிக்கு அருமையான சாப்பாடு.

காட்டில் ஓட்டிய நாள் மாலையில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். உண்ணிகள் ஒட்டியிருக்கும், அவற்றால் லைம் நோய் வரலாம். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் விரிந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

தங்குமிடமும் ரயிலும்

'அக்கேய் வேலோ' முத்திரை உள்ள விடுதிகளில் சைக்கிளைப் பூட்டிவைக்கப் பாதுகாப்பான இடமும் பழுதுபார்க்கும் கருவிகளும் இருக்கும். அந்த முத்திரை பெற வேண்டுமானால் குறியிட்ட பாதையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆகஸ்டில் இவை சீக்கிரம் நிரம்பிவிடும்.

ரயிலைக் கடைசி நேரத்துக்கு விடுவதும் வழக்கமான தவறு. அதிவேக டிஜிவி ரயிலில் சைக்கிளைப் பிரித்துப் பைக்குள் போட வேண்டும். சில ரயில்களில் மட்டும் முன்பதிவு செய்து அப்படியே ஏற்றலாம். வட்டார டிஇஆர் ரயில்கள் எளிது. ஆனால் கோடை வார இறுதியில் சைக்கிள் கொக்கிகள் எல்லாம் நிறைந்திருக்கும், சில தடங்களில் அவற்றுக்கும் முன்பதிவு தேவைப்படும். வார நாள் காலை ரயிலைப் பிடியுங்கள்.