ரோபோவா, லேப்ராஸ்கோப்பியா: டாக்டரிடம் என்ன கேட்பது?

எங்கய்யன் ஈரோட்டுச் சாயப்பட்டறையில் முப்பது வருசம் வேலை பார்த்தவர். பீடியும் உண்டு. இரண்டுமே சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு வழி என்பது, மூத்திரத்தில் ரத்தம் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. சிறுநீர்ப்பையை எடுக்கும் ஆபரேஷனுக்குக் கோயமுத்தூரில் ஓரிடத்தில் ரோபோ என்றார்கள், இன்னோரிடத்தில் லேப்ராஸ்கோப்பி. அப்போது நோட்டில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டவை இவை.

முதலில் பயாப்சி ரிப்போர்ட், அதாவது கட்டியில் துளி எடுத்துச் சோதித்த முடிவு. கட்டி தசைக்குள் இறங்காவிட்டால் பெரும்பாலும் மூத்திரத் துவாரம் வழியாகவே சுரண்டி எடுத்துவிடுவார்கள். இந்தக் குழப்பமே வராது. இறங்கியிருந்தால்தான் பெரும்பாலும் பையை முழுசாக எடுப்பது. அதற்கு முன்னால் கீமோ உண்டா என்றும் கேளுங்கள்.

இரண்டிலும் வயிற்றில் ஐந்தாறு சின்னத் துளைகள் போட்டுத்தான் செய்வார்கள். லேப்ராஸ்கோப்பியில் டாக்டர் நீளக் கருவிகளைக் கையில் பிடித்து, திரையைப் பார்த்துச் செய்வார். ரோபோவில் தள்ளி உட்கார்ந்து கைப்பிடிகளை அசைப்பார். உள்ளே கருவியின் முனை மணிக்கட்டு மாதிரி திரும்பும், காட்சி முப்பரிமாணத்தில் பெரிதாகத் தெரியும். இடுப்புக்குழிக்குள் தையல் போட அது வசதி. "மிஷின் பாட்டுக்கு வெட்டிப்போடுமாடா?" என்று பயந்துகிடந்த எங்கய்யனுக்கு, டாக்டர் கையசைக்காமல் அது அசையாது என்று கேட்ட பிறகுதான் தூக்கம் வந்தது.

ஆனால் ரோபோவால் நோய் கூடுதலாகக் குணமாகும் என்று நம்பிவிடாதீர்கள். 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு, ரோபோவையும் வயிற்றைத் திறந்து செய்வதையும் ஒப்பிட்டது. இரண்டு வருசம் நோய் முற்றாமல் இருந்தவர்கள் ரோபோவில் 72.3 சதவீதம், திறந்ததில் 71.6. ரோபோவில் ரத்த இழப்பு குறைவு, நேரம் அதிகம். ரோபோவையும் லேப்ராஸ்கோப்பியையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகள் சின்னவை. ஒன்று ஜெயித்தது என்று சொல்லும்படி இல்லை.

அதனால் "வருசத்துக்கு இந்த ஆபரேஷன் எத்தனை செய்றீங்க? பாதியில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தது எத்தனை பேருக்கு?" என்று கேட்டேன். ஓரிடத்தில் முகம் சுளித்தார்கள். லேப்ராஸ்கோப்பி டாக்டர் கணக்கோடு பதில் சொன்னார், அவரிடமே போனோம்.

ரோபோ என்றால் பில் கூடும். இன்சூரன்ஸ் பாலிசியில் அதற்குத் தனி வரம்பு போட்டிருக்கலாம். எங்களுடையதில் நாலாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

எங்களிடம் யாரும் முதலில் பேசாத விசயம், பையை எடுத்த பிறகு மூத்திரம் எங்கே போகும் என்பது. சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டி, அதன் முனையை வயிற்றில் வாய் மாதிரி திறந்து வைத்து, வெளியே பை மாட்டலாம். அல்லது குடலிலேயே உள்ளே புதுப் பை தைக்கலாம். புதுப் பைக்கு சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும், தேவைப்பட்டால் தானே குழாய் விட்டு எடுக்கவும் பழக வேண்டும். எங்கய்யன் வெளிப்பையே போதும் என்றுவிட்டார்.

வெளிப்பை என்றால், அந்த வாய் வரும் இடத்தை ஆபரேஷனுக்கு முன்பே உட்கார வைத்தும் நிற்க வைத்தும் குறிக்கச் சொல்லுங்கள். நர்ஸ் பேனாவை எடுத்தபோது எங்கய்யன், "இரும்மிணி, வேட்டியக் கட்டிக்கிறேன்" என்று கட்டிக்காட்டினார். முதல் புள்ளி சரியாக வேட்டிக் கட்டின் மேலே விழுந்திருந்தது. அழித்துவிட்டு, இரண்டு விரல் கீழே வைத்தார்கள்.