நன்கொடை கேட்கும் மேடையில் அணிநயம்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில், தமிழ்ப்பள்ளி நூலகத்துக்காக நடைபெறும் விருந்தில் பேச அழைக்கப்பட்டவர், எழுத அமருமுன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்: அவையோரிடம் பணம் கேட்கும் இடம் பேச்சில் எங்கே வரப்போகிறது? அலங்காரம் அதற்குச் சற்று முன்னால்தான் குவிய வேண்டும். டான் ஸ்ரீ, டத்தோ என மலேசியப் பட்டங்களின் வரிசை பிறழாமல் விளித்து முடிக்கும்போதே (அதைச் சுருக்கினால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்) அவையின் பொறுமை பாதி கரைந்திருக்கும்; தொடக்கத்திலேயே அடைமொழிகளையும் அடுக்கினால் மீதியும் போய்விடும்.

அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் 35 பொருளணிகளைச் சொல்கிறது. மேடைக்கு மூன்று நான்கு போதும். அவற்றுள் மனத்தை இசைய வைப்பதில் வலியது, இயல்பான நிகழ்வின்மேல் கவிஞன் தன் கருத்தை ஏற்றிச் சொல்லும் தற்குறிப்பேற்றம் என்பது என் கருத்து. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது, காற்றில் இயல்பாக அசைந்த மதிற்கொடிகள் ‘வாராதீர்’ என்று கைகாட்டி மறிப்பனபோல் இருந்தன என்கிறார் இளங்கோவடிகள். வரப்போகும் கேட்டை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. கேட்பவரின் மனமே அஞ்சத் தொடங்கிவிடுகிறது.

அவ்வழியில், “நம் பள்ளியில் நூல்கள் போதவில்லை” என்பதற்கு மாறாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “பிள்ளைகள் வீடு திரும்பிய பின்னும் அந்த வெற்று அலமாரியின் கதவு காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது, எனக்கென்று ஏதேனும் கொண்டுவந்தீர்களா என்று வாசலைப் பார்த்துக் கேட்பதுபோல் ஆடுகிறது.” ஆனால் கதவு உண்மையிலேயே ஆட வேண்டும். இயல்பாக நிகழ்வதன்மேல்தான் கவிஞன் தன் குறிப்பை ஏற்றுகிறான். ஆகவே முன்னதாகவே பள்ளிக்குச் சென்று பார்த்துவிட்டு வருவது நல்லது. இல்லாத கதவை ஆட்டினால், அப்பள்ளியின் ஆசிரியர்கள் அமர்ந்திருக்கும் மேசையில் முதலில் சிரிப்பு எழும்.

எதுகை மோனைக்கு அளவு உண்டு. “கல்லால் எழுந்தது கட்டடம், சொல்லால் எழுவது சமுதாயம்” என்று ஓரிணை வந்தால் கைதட்டல் கிடைக்கும். அதே ஓசையில் மூன்றாவதும் வந்தால் திரைப்பட வசனமாகிவிடும். எழுதியதை உரக்கப் படித்து, மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள்.

அலமாரிக் கதவுக்குப் பின் ஒரு நொடி நிறுத்திவிட்டு, வேண்டுகோளை வெறுஞ்சொற்களில் வையுங்கள்: ஓர் அலமாரியை நூல்களால் நிரப்ப இத்தனை வெள்ளி ஆகும், மேசைக்கு ஓர் அலமாரியை ஏற்றுக்கொள்ளுங்கள். தொகை சொல்லும் வாக்கியத்தில் உவமையோ அடுக்குமொழியோ கூடாது. கணக்கை மறைக்க வந்ததாகவே அது தோன்றும். உடனே ஒலிவாங்கியை அறிவிப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். நன்கொடைப் படிவங்கள் அப்போதே மேசைகளுக்குச் செல்லட்டும்.