பல் கூச்சம் அடங்கிய விதம்
கும்பகோணத்து வெயிலில் எலுமிச்சை சர்பத் இல்லாமல் எனக்குப் பொழுது போகாது. ஆனால் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே முன்பற்கள் கூச ஆரம்பித்தன. சொத்தையாக இருக்கும் என்று போனால், பல் மருத்துவர் எனாமல், அதாவது பல்லின் கெட்டியான மேலுறை, தேய்ந்திருக்கிறது என்றார்.

வாயில் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டியது. அமிலம் பட்டு இளகிய பல்லை உடனே தேய்த்தால் இன்னும் தேயும். நான் தேய்த்ததோ கரி கலந்த பல்பொடியில், அதுவும் அழுத்தி! (தாத்தா காலத்துப் பழக்கம், வீட்டில் யாரும் கேள்வி கேட்டதில்லை.)

சர்பத்தை விடவில்லை. சாப்பாட்டோடு சேர்த்து, ஸ்ட்ரா போட்டு, வாயில் தேக்காமல் குடிக்கிறேன். உடனே வெறும் தண்ணீரில் கொப்பளிப்பு. பிரஷ் எடுப்பது ஒரு மணி நேரம் கழித்துத்தான். மென்மையான பிரஷ், ஃபுளோரைடு பேஸ்ட். துலக்கியதும் நுரையைத் துப்புவதோடு சரி. தண்ணீர் விட்டு அலசினால் ஃபுளோரைடும் போய்விடும். இளகிய இடத்தை உமிழ்நீர் ஓரளவு கெட்டிப்படுத்தும், ஃபுளோரைடு அதற்குத் துணை. முழுதாகத் தேய்ந்து போன எனாமல் மட்டும் திரும்ப வளராது.

கூச்சம் மெல்ல மெல்லக் குறைந்துவிட்டது. ஒரே பல்லில் மட்டும் வலி நீடித்தால் அது விரிசலாகவோ சொத்தையாகவோ இருக்கலாம். அதற்கு இந்த வைத்தியம் போதாது, மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.