புதிதாக அசெம்பிள் செய்த கணினியில் டிஸ்ப்ளே வராதபோது

பாகங்களை எல்லாம் பூட்டி முதன்முறையாகப் பவர் பட்டனை அழுத்துகிறீர்கள். மின்விசிறிகள் சுழல்கின்றன, விளக்குகள் எரிகின்றன, ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை. உடனே மதர்போர்டு பழுது என்று முடிவுகட்டிக் கடைக்குக் கிளம்ப வேண்டாம். புதுக் கணினியில் பாகம் கெட்டிருப்பதைவிட இணைப்பு சரியாக அமராமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

முதலில் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிளை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும். இன்டெல் பிராசசரின் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது என்பதால், மதர்போர்டின் எச்டிஎம்ஐ போர்ட்டில் எத்தனை முறை செருகினாலும் படம் வராது. அடுத்து, பிராசசருக்கு மின்சாரம் தரும் 8 பின் கேபிள். பெரிய 24 பின் கேபிளைச் செருகியவர்கள்கூட, போர்டின் மேல் மூலையில் ஒதுங்கியிருக்கும் இதை மறந்துவிடுவதுண்டு. இது இல்லாமலும் மின்விசிறிகள் சுழலும் என்பதால் சந்தேகமே எழாது.

எனினும் அதிகம் படுத்துவது ரேம்தான். பல போர்டுகளில் ஸ்லாட்டின் ஒரு முனையில் மட்டுமே கொக்கி இருக்கிறது. அந்தப் பக்கம் ‘கிளிக்’ என்று பூட்டிக்கொண்டாலும் மறுமுனை சற்றே தூக்கி நிற்கக்கூடும். கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகு, ரேமைக் கழற்றி இரு முனைகளிலும் கட்டைவிரலால் அழுத்திச் செருகுங்கள். நான்கு ஸ்லாட் கொண்ட போர்டில் இரண்டு ரேம் மட்டும் போடுவதானால், பொதுவாகப் பிராசசரிலிருந்து எண்ணி 2ஆவது, 4ஆவது ஸ்லாட்டுகளே அவற்றுக்குரியவை. டிடிஆர்5 ரேம் என்றால் இன்னொன்றும் உண்டு: முதல் முறை இயங்கும்போது போர்டு அந்த ரேமைச் சோதித்துத் தன்னைச் சரிசெய்துகொள்வதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கலாம், அதுவரை திரை இருண்டே இருக்கும். பொறுமையிழந்து இடையில் அணைத்தால் அந்த வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

போர்டில் சிபியு (பிராசசர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (இயங்குதளம் உள்ள டிஸ்க்) என்று எழுதப்பட்ட சிறு விளக்குகள் இருந்தால், எது அணையாமல் நிற்கிறதோ அங்கிருந்து தேடலைத் தொடங்கலாம். சிபியு விளக்கே நிற்கிறது, 8 பின் கேபிளும் சரியாக இருக்கிறது என்றால், பழைய பயாஸ் (போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) புதிய பிராசசரை அறியாமலிருக்கலாம். போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் பிராசசருக்கு எந்தப் பயாஸ் பதிப்பு வேண்டும் என்ற பட்டியல் இருக்கும்.

பட்டனை அழுத்திய நொடியிலேயே கணினி அணைந்துவிட்டால் ஷார்ட் சர்க்யூட்டைச் சந்தேகிக்க வேண்டும். போர்டைக் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, பிராசசர், கூலர், ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி) ஆகியவற்றை மட்டும் இணையுங்கள். பிராசசரில் கிராபிக்ஸ் இல்லையெனில் கார்டும் வேண்டும். கேபினெட்டின் பவர் பட்டன் வயர் செருகப்படும் பவர் சுவிட்ச் பின்கள் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால் போர்டு இயங்கத் தொடங்கும். இங்கே ஒழுங்காக ஓடினால், கேபினெட்டில் திருகுத் துளைக்குப் பொருந்தாத இடத்தில் நிற்கும் பித்தளைத் தாங்கி ஒன்று போர்டின் அடிப்புறத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். இங்கேயும் ஓடாவிட்டால் ரேமையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்த பிறகு, பில்லுடன் கடைக்குப் போகலாம்.