ரீயூனியன் டூர் தள்ளிப்போனால் டிக்கெட் பணத்தைக் காப்பாற்றுவது எப்படி?

பிரிந்துபோன குழு மறுபடி மேடையேறுகிறது என்ற செய்தி வந்த மணி நேரத்தில் டிக்கெட் வாங்குகிறவர்கள் விதிமுறையைப் படிப்பதில்லை. படிக்க வேண்டிய காரணத்தை புஸிகேட் டால்ஸ் என்ற அமெரிக்கப் பெண்கள் பாப் இசைக் குழுவின் டூர் காட்டிக்கொடுத்தது. சுமார் பத்து ஆண்டு இடைவெளிக்குப் பின் 2019 நவம்பர் இறுதியில் ஐந்து பேர் ஒன்று சேர்ந்தார்கள். 2020 ஏப்ரலில் பிரிட்டனின் பெரிய அரங்குகளில் கச்சேரி என்று அறிவித்து டிக்கெட் விற்றார்கள். மார்ச் 23-ஆம் தேதி ஊரடங்கு வந்தது. டூர் 2020 அக்டோபருக்குப் போனது, அங்கிருந்து 2021-க்குப் போனது, கடைசியில் 2022 ஜனவரியில் முன்னணிப் பாடகி நிக்கோல் ஷெர்சிங்கர் இன்ஸ்டாகிராமில் ரத்து என்று அறிவித்தார். சக உறுப்பினர்கள் கார்மிட் பச்சார், ஜெசிகா சட்டா இருவரும் ரத்து பற்றித் தங்களுக்கே முறையான தகவல் வரவில்லை என்றார்கள். குழுவுக்குள்ளேயே தகவல் இப்படிப் போனால், டிக்கெட் வைத்திருப்பவர் யாரோ வந்து சொல்வார்கள் என்று காத்திருக்க முடியாது.

கீழே உள்ளவை பிரிட்டனில் விற்கப்படும் டிக்கெட்டுகளுக்கானவை. வேறு நாட்டில் வாங்கியிருந்தால் அந்த நாட்டுச் சட்டம்தான் செல்லும்.

மின்னஞ்சலில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள்

விற்பனையாளரிடமிருந்து வரும் மின்னஞ்சலில் மூன்றில் ஒன்று இருக்கும்: புதிய தேதியோடு மாற்றம், தேதி சொல்லாத ஒத்திவைப்பு, ரத்து. மூன்றுக்கும் உரிமை வேறு.

ரத்து என்றால் பணம் திரும்ப வர வேண்டும், அதில் பேச்சே இல்லை. பெரும்பாலும் நீங்கள் எதுவும் செய்யாமலே, செலுத்திய அதே கார்டுக்கு வந்துவிடும்.

புதிய தேதி கொடுத்திருந்தால், உங்கள் டிக்கெட் தானாகவே அந்தத் தேதிக்குச் செல்லுபடியாகும். அங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அந்த நாளில் போக முடியாதவர் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். டிக்கெட் முகவர்களின் சங்கமான ஸ்டார் அமைப்பின் நடத்தை விதியும் அதைச் சொல்கிறது. ஆனால் கேட்பதற்குக் கெடு உண்டு, பெரும்பாலும் சில வாரங்கள்தான். கெடு முடிந்த பிறகு எழுதினால், ‘புதிய தேதியை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படுகிறது’ என்றுதான் பதில் வரும். மௌனம் இங்கே சம்மதம்தான்.

தேதி இல்லாத ஒத்திவைப்புதான் மூன்றிலும் மோசம். தேதி வரும்வரை பொறுக்கச் சொல்வார்கள். பொறுக்கலாம், ஆனால் அன்றே எழுத்தில் ஒரு கேள்வி அனுப்பி வையுங்கள்: புதிய தேதி எந்த நாளுக்குள் வரும், வராவிட்டால் பணம் எப்போது கிடைக்கும்? பதில் வராவிட்டாலும் நீங்கள் கேட்ட நாள் பதிவாகிவிடும். பின்னால் வங்கியிடம் போகும்போது அந்த நாள் உதவும்.

மின்னஞ்சல் கிடைத்த அன்றே செய்ய வேண்டியவை அதிகமில்லை. ஆர்டர் எண், வாங்கிய தேதி, கார்டின் கடைசி நான்கு எண்கள் தெரியும் ரசீது, அறிவிப்பு வந்த பக்கம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரே இடத்தில் வையுங்கள். விற்பனைத் தளத்தின் விதிமுறைப் பக்கத்தையும் அன்றே சேமித்துவிடுங்கள். அந்தப் பக்கம் பிறகு மாறலாம், உங்களுக்குப் பொருந்துவது நீங்கள் வாங்கிய நாளில் இருந்த விதிமுறை. கெடு தேதியை அலைபேசி நாட்காட்டியில், மூன்று நாள் முன்னதாகவே நினைவூட்டும்படி போட்டுவிடுங்கள். கணக்கில் உள்ள மின்னஞ்சல் முகவரி இன்னும் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள். வேலை மாறி அலுவலக முகவரி போனவர்களுக்கு அறிவிப்பே வந்து சேராது.

எவ்வளவு திரும்ப வரும்

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். டிக்கெட்டின் முகவிலை (கட்டணங்கள் சேராத டிக்கெட் விலை) 65 பவுண்டு, சேவைக் கட்டணம் 8 பவுண்டு, ஆர்டர் கட்டணம் 3 பவுண்டு என்றால் நீங்கள் கட்டியது 76. தேதி மாற்றத்துக்காக நீங்களே பணத்தைக் கேட்டால் 65 மட்டும் வருவது வழக்கம். கச்சேரி ரத்தானால் சேவைக் கட்டணத்தையும் விடாமல் கேளுங்கள். பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் 2020 ஏப்ரல் 30-ஆம் தேதி வெளியிட்ட அறிக்கையில், வாக்களித்த சேவை எதையும் தராமல் நிறுவனமே ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பத் தரப்பட வேண்டும் என்ற நிலையை எடுத்தது. பணத்துக்குப் பதில் வவுச்சர் தர முன்வரலாம். வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. வவுச்சரை ஒருமுறை ஏற்றுக்கொண்டால் பணத்துக்குத் திரும்புவது கடினம், அதனால் ‘ஏற்கிறேன்’ பொத்தானை அவசரத்தில் அழுத்தாதீர்கள்.

ஐந்து தோழிகளுக்கு ஒருவர் சேர்த்து வாங்கியிருந்தால் பணம் அந்த ஒருவருக்கே போகும். ஐவரில் இருவர் மட்டும் விலகினால் பாதி ஆர்டருக்குப் பணம் தர மறுக்கும் தளங்களும் உண்டு. முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். மறுவிற்பனைத் தளத்தில் வாங்கியவர் அந்தத் தளத்தையே அணுக வேண்டும், அரங்கையோ அமைப்பாளரையோ அல்ல. கார்டு காலாவதியாகிப் புதியது வந்திருந்தால் பெரும்பாலும் வங்கி பணத்தைச் சரியான கணக்கில் சேர்த்துவிடும். கணக்கையே மூடியிருந்தால் பணம் விற்பனையாளரிடம் திரும்பிப் போய் நிற்கும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வங்கி வழி: கடிகாரம் வாங்கிய நாளிலேயே ஓட ஆரம்பிக்கிறது

விற்பனையாளர் மறுத்தாலோ, பதிலே தராவிட்டாலோ, நிறுவனமே திவாலானாலோ இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நிறையப் பேர் தோற்கிறார்கள்.

கிரெடிட் கார்டுக்கு 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவு இருக்கிறது. ஒரு பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் இருந்தால், ஒப்பந்த மீறலுக்குக் கார்டு நிறுவனமும் விற்பனையாளரைப் போலவே பொறுப்பு. ஒரு பொருளின் விலை என்பதைக் கவனியுங்கள்: தலா 60 பவுண்டுக்கு இரண்டு டிக்கெட் வாங்கி 120 கட்டியிருந்தாலும், ஒரு டிக்கெட் 60தான், எனவே பிரிவு பொருந்தாமல் போகலாம். 140 பவுண்டு விஐபி டிக்கெட் ஒன்று என்றால் நுழையும். இடையில் முகவர் இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: ‘உங்கள் ஒப்பந்தம் நிகழ்ச்சி அமைப்பாளருடன், கார்டில் பணம் போனது முகவருக்கு’ என்று வங்கி வாதிடலாம். அப்படிச் சொன்னால் விதிமுறையில் ஒப்பந்தம் யாருடன் என்று எழுதியிருக்கிறதோ அந்த வரியை எடுத்து வைத்துப் பேசுங்கள்.

டெபிட் கார்டுக்கும், 100 பவுண்டுக்குக் குறைந்த டிக்கெட்டுக்கும் சார்ஜ்பேக்தான் வழி, அதாவது கட்டிய பணத்தை உங்கள் வங்கி மூலம் விற்பனையாளரிடமிருந்து திரும்பப் பெறுவது. இது சட்டம் இல்லை, விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு அமைப்புகளின் விதி. பொதுவாக நிகழ்ச்சி நடந்திருக்க வேண்டிய நாளிலிருந்தோ, நடக்காது என்று உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்தோ 120 நாள் கிடைக்கும். அதற்கு மேல் ஒரு வெளி எல்லை உண்டு: பணம் கட்டிய நாளிலிருந்து 540 நாள்.

இந்த 540-ஐ புஸிகேட் டால்ஸ் டூருக்குப் போட்டுப் பாருங்கள். 2019 டிசம்பரில் வாங்கிய டிக்கெட்டுக்கு அந்த எல்லை 2021 மே, ஜூன் மாதங்களிலேயே முடிந்துவிடுகிறது. ரத்து அறிவிப்பு வந்தது 2022 ஜனவரியில். அதாவது ஒவ்வொரு ஒத்திவைப்புக்கும் பொறுமையாகக் காத்திருந்த விசுவாசமான ரசிகருக்கு, உண்மையில் தேவைப்பட்ட நாளில் சார்ஜ்பேக் கதவு ஏழெட்டு மாதம் முன்பே மூடியிருக்கும். விற்பனையாளர் நேர்மையானவராக இருந்தால் பாதகமில்லை. ஆனால் பெருந்தொற்று நேரத்தில் விற்பனையாளர் மூழ்கிப்போகும் வாய்ப்பும் உண்டு. எனவே வாங்கிய நாளோடு 540 நாளைக் கூட்டி வரும் தேதியை இன்றே குறித்து வையுங்கள். புதிய தேதி அந்த எல்லையைத் தாண்டி விழுந்தால், எவ்வளவு ஆசை இருந்தாலும் அந்தச் சுற்றிலேயே பணத்தைத் திரும்ப வாங்கிவிடுவது நல்லது. டூர் நடந்தால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

வங்கி மறுத்தால் அதன் இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் நிதிக் குறைதீர்ப்பாயத்துக்கு (Financial Ombudsman Service) இலவசமாகப் புகார் செய்யலாம். எட்டு வாரமாகியும் இறுதிப் பதிலே வராவிட்டாலும் போகலாம். சிறு வழக்கு நீதிமன்றம் கடைசி வழி: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரை, ஒப்பந்த மீறலிலிருந்து ஆறு ஆண்டுக்குள். ஸ்காட்லாந்தில் ஐந்து ஆண்டு.

ரீயூனியனுக்கே உரிய ஆபத்து

நிரந்தரமாக ஓடும் குழுவுக்கு டூர்தான் பிழைப்பு. மறுபடி ஒன்று சேர்ந்த குழுவில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி தொலைக்காட்சி, வானொலி, மேடை ஒப்பந்தங்கள் இருக்கும். ஏப்ரலுக்கு ஒன்றாகக் காலியாக இருந்த ஐந்து நாட்காட்டிகள் அக்டோபரில் ஒத்துப்போகாது. பெரிய அரங்குகளின் தேதியும் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். பெருந்தொற்றுக்குப் பின் காப்பீட்டு நிறுவனங்கள் தொற்றுநோய் ரத்தைக் காப்பிலிருந்து விலக்கின. அதனால்தான் பிரிட்டன் அரசு 2021-இல் 75 கோடி பவுண்டு மறுகாப்பீட்டுத் திட்டம் (காப்பீட்டு நிறுவனங்களின் இழப்பை ஏற்கும் ஏற்பாடு) கொண்டுவர நேர்ந்தது. இதற்கு மேல் பங்கு, அதிகாரம் பற்றிய தகராறும் சேரலாம்: குழுவைத் தொடங்கிய ராபின் ஆன்டின் 2021 செப்டம்பரில் ஷெர்சிங்கர் மீது வழக்குத் தொடுத்தார். தேதி தள்ளிப்போன பிறகு உறுப்பினர்களுக்கிடையே வழக்குச் செய்தி வந்தால், அதைப் பணம் கேட்க வேண்டிய அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் விலகினால் பணம் கிடைக்குமா? பெரும்பாலான விதிமுறைகள் கலைஞர் மாற்றத்துக்கு இடம் கொடுத்தே எழுதப்பட்டிருக்கும். புஸிகேட் டால்ஸ் மறுசேர்க்கையிலும் மெலடி தோர்ன்டன் ஆரம்பத்திலிருந்தே இல்லை, அது விளம்பரத்திலேயே தெரிந்த விஷயம். அதைக் காட்டிப் பணம் கேட்க முடியாது. விளம்பரத்தில் முகமாக இருந்தவரே விலகினால் நியாயம் உங்கள் பக்கம் கூடும். வாங்கும்போது இருந்த போஸ்டரைச் சேமித்து வைத்திருந்தால்தான் அதை நிரூபிக்க முடியும்.

அடுத்த ரீயூனியனுக்கு வாங்கும்போது

முடிந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். ஸ்டார் உறுப்பினரான விற்பனையாளரிடமோ அரங்கின் சொந்த விற்பனையிலோ வாங்குங்கள். விற்பனைப் பக்கத்தில் கூடுதலாகத் தரும் டிக்கெட் காப்பீடு பெரும்பாலும் உங்கள் நோய், விபத்துக்குத்தான். கச்சேரி ரத்தானால் அது உதவாது. தங்கும் அறையை முந்தின நாள் வரை ரத்து செய்யக்கூடிய விலையில் போடுங்கள், பத்து பவுண்டு அதிகமானாலும் சரி. மலிவான முன்பதிவு ரயில் டிக்கெட்டுக்குப் பணம் திரும்ப வராது, வண்டி கிளம்பும் முன் கட்டணம் கட்டித் தேதியை மாற்ற மட்டுமே முடியும். அதனால் கச்சேரி உறுதி என்று அரங்கின் பக்கத்தில் கடைசி வாரம் பார்த்த பிறகு ரயிலை வாங்குங்கள்.