ராமன் கடலைப் பார்த்த கதையும் அறிவியல் எழுத்தில் நேரும் தவறுகளும்

தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28 நெருங்கினாலே ஒரே கட்டுரை பல பெயர்களில் வெளியாகும். கப்பலில் வந்த சி.வி. ராமன் கடலைப் பார்த்தார், அது ஏன் நீலமாக இருக்கிறது என்று வியந்தார், ராமன் விளைவைக் கண்டுபிடித்தார், நோபல் பரிசு வாங்கினார். படிக்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் படித்து முடிக்கும் மாணவர் மனத்தில் தங்குவது, கடலின் நீலத்துக்குக் காரணம் ராமன் விளைவு என்பதுதான். அது பிழை.

உண்மையில் நடந்தது இதைவிடச் சுவையானது. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்பது பிரிட்டன் இயற்பியலாளர் ராலே பிரபுவின் கருத்து. 1921-இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய ராமன், கப்பல் தளத்தில் நின்று ஒரு நிகோல் பட்டகத்தின் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படிகம்) வழியாகக் கடலைப் பார்த்தார். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வான ஒளியை அதைக்கொண்டு மறைத்தார். நீலம் மறையவில்லை, இன்னும் நன்றாகத் தெரிந்தது. ஆகவே நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று வாதிட்டார். (நீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதற்கும் இந்த நீலத்தில் பெரும் பங்குண்டு.) இந்தச் சிதறலில் ஒளியின் அலைநீளம், அதாவது அதன் நிறம், மாறுவதில்லை. ராமன் விளைவோ அலைநீளம் மாறும் சிதறல். மூலக்கூறுடன் ஆற்றலைப் பரிமாறிக்கொண்டு வெளிவரும் அந்த ஒளி, விழும் ஒளியில் ஏறத்தாழ கோடியில் ஒரு பங்குதான். அதைக் கடற்கரையில் நின்று யாரும் கண்ணால் பார்க்க முடியாது.

கேள்வி பிறந்த இடத்தையும் விடை கிடைத்த இடத்தையும் ஒட்டித் தைத்துவிடுவதுதான் இங்கே நேர்ந்த தவறு. 1921-க்கும் 1928-க்கும் இடையில் ஏழு ஆண்டுகள் இருக்கின்றன. 1923-இல் கல்கத்தா ஆய்வகத்தில் ராமனின் மாணவர் கே.ஆர். ராமநாதன் சிதறிய ஒளியில் நிறம் மாறிய மங்கலான ஒரு கூறைக் கண்டார். திரவத்தில் கலந்திருக்கும் மாசுதான் காரணம் என்று முதலில் சந்தேகித்தார்கள். திரும்பத் திரும்பத் தூய்மைப்படுத்திய பிறகும் அந்த ஒளி போகவில்லை. பின்னாளில் ராமன் விளைவு என்று அறியப்பட்டது அதுதான். கதை கேட்பவரை நிமிர்ந்து உட்காரவைக்கும் இடம் இதுதான். எழுதுபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் வெட்டிவிடுகிறார்கள்.

வெட்டும்போது கூட்டாளிகளும் காணாமல் போகிறார்கள். 1928-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த முதல் அறிவிப்பில் ராமனோடு கே.எஸ். கிருஷ்ணன் பெயரும் இருந்தது. அவர் வத்திராயிருப்பில் பிறந்தவர். தமிழில் எழுதும் நாமே அவரை விட்டுவிடுவது எனக்குப் பெரிய ஆதங்கம். அறிவியல் என்றால் தனி மேதை ஒருவரின் திடீர் மின்னல் என்று படிக்கும் பிள்ளை, தனக்கு அப்படி எதுவும் மின்னவில்லை என்று விலகிக்கொள்ளும்.

நம் மொழியில் செழித்து வளரும் ஒரு தவறும் உண்டு: எந்தக் கண்டுபிடிப்பு வந்தாலும் ‘நம் முன்னோர் அன்றே சொன்னார்கள்’ என்று முடிப்பது. குறளின் செறிவைப் புகழ ஔவையார் பெயரில் வழங்கும் ‘அணுவைத் துளைத்து’ என்ற அடி, அணுப்பிளவுக்குச் சான்றாக எத்தனை மேடைகளில் முழங்கப்பட்டிருக்கிறது! அது அழகான கவிதை. அதை ஆய்வறிக்கை ஆக்கினால் கவிதையும் கெடுகிறது, இயற்பியலும் கெடுகிறது.

பெருமிதம் வேறு விதத்திலும் வழுக்கும். 2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான்-3 ‘நிலவின் தென் துருவத்தில்’ இறங்கியதாகப் பல தலைப்புகள் வந்தன. அது இறங்கியது ஏறத்தாழ 69 பாகை தெற்கில், துருவத்திலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி. ‘தென் துருவப் பகுதி’ என்று ஒரு சொல் கூட்டியிருந்தால் போதும், சாதனை ஒரு துளியும் குறைந்திருக்காது. ‘இருண்ட பக்கம்’ என்று எழுதியவர்களும் இருந்தார்கள். அது பூமியை நோக்கிய பக்கத்தில்தான் இறங்கியது.

இவையெல்லாம் யாருக்கும் ஆபத்தில்லாத பிழைகள். மருத்துவம் பற்றி எழுதும்போது நிலைமை வேறு. 1995-இல் பிரிட்டனில், புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் இரத்தக்கட்டு அபாயத்தை இரு மடங்காக்குகின்றன என்று எச்சரிக்கை வந்தது. செய்தித்தாள்கள் ‘இரு மடங்கு’ என்பதைப் பிடித்துக்கொண்டன. பெண்கள் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். உண்மையில் 7,000 பேரில் ஒருவருக்கு இருந்த அபாயம் 7,000 பேரில் இருவருக்கு என்று மாறியிருந்தது. மறு ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்று மதிப்பிடுகிறார்கள். மடங்கையோ சதவீதத்தையோ எழுதினால், எத்தனை பேரில் எத்தனை பேர் என்பதையும் அதே வாக்கியத்தில் எழுதியாக வேண்டும். அடுத்த பத்தியில் எழுதிக்கொள்ளலாம் என்றால், அங்கே வருவதற்குள் வாசகர் அடுத்த செய்திக்குப் போயிருப்பார்.

உவமைகளைப் பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும்: அவை எங்கே பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுங்கள். சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல அணுக்கருவை எலக்ட்ரான்கள் சுற்றுகின்றன என்று பள்ளியில் படித்ததை, பலர் ஓய்வு பெறும் வரை அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எலக்ட்ரான்களுக்குக் கோள்களைப் போல வரையறுத்த பாதை கிடையாது.

எழுதி முடித்ததும் துறை அறிந்தவரிடம் காட்டுவது வழக்கம். அதோடு, துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவருக்கும் படிக்கக் கொடுங்கள். அவரிடம் ‘புரிகிறதா?’ என்று கேட்காதீர்கள், மரியாதைக்காகத் தலையாட்டுவார். ‘இதை வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேளுங்கள். அவர் எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ, எந்த இடத்தில் நீங்கள் எழுதாத காரணம் ஒன்றைத் தானாகச் சேர்த்துக்கொள்கிறாரோ, அந்த இடத்தைத் திரும்ப எழுத வேண்டும்.