கடைக்கு வெளியிலிருந்து செயலி நிறுவுவோர் செய்யும் தவறுகள்

ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் செயலிக் கடையான பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்தும் செயலியை நிறுவிக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்கியவருக்குத் தம் கருவியின் மேல் இருக்க வேண்டிய உரிமை அது என்றே நான் கருதுகிறேன். அதனால்தான் அதைக் கவனமாகக் கையாள வேண்டும் என்கிறேன்.

நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு, வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் திறந்துவிடுவது. திருமண அழைப்பிதழ் என்றும் போக்குவரத்து அபராதச் சலான் என்றும் பெயர் மாறுமே தவிர, உள்ளே இருப்பது ஒன்றுதான். அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும். கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது செயலி. நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி மோசடிக்காரர் கைக்கும் போய்விடும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தது என்று நம்பவும் முடியாது, ஏனெனில் அவருடைய போனே முன்பு இப்படிச் சிக்கியிருக்கலாம்.

வெளிச் செயலியை நிறுவுவதற்காகக் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறாமல் விடுவது அடுத்த தவறு. 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், வெளிச் செயலிகளை நிறுவும் அனுமதி போன் முழுவதற்கும் பொதுவாக இல்லாமல், உலாவிக்குத் தனி, வாட்ஸ்அப்புக்குத் தனி என்று பிரிக்கப்பட்டது. வேலை முடிந்ததும் அமைப்புகளில் போய் அதை அணைத்துவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது அணுகல்தன்மை (Accessibility) அனுமதி. பார்வைக் குறைபாடு முதலியவை உள்ளவர்களுக்காக உருவான இந்த வசதியைப் பெற்ற செயலி, திரையில் உள்ளதைப் படிக்கும். நமக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்தும். ஆண்ட்ராய்டு 13, வெளியிலிருந்து வந்த செயலிகளுக்கு இதை எளிதில் கொடுக்க விடாமல் தடுக்கிறது. ஆனாலும் செயலியின் விவரப் பக்கத்தில் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு அந்தத் தடையை நீக்க வழி உண்டு. தொலைபேசியில் ஒருவர் அந்த மூன்று புள்ளிகளைத் தொடச் சொன்னால், அந்த நொடியே அழைப்பைத் துண்டியுங்கள்.

பிளே ஸ்டோரில் இருப்பதெல்லாம் பாதுகாப்பானது என்று நம்புவதும் தவறே. 2017இல் வாட்ஸ்அப் பெயரில் அங்கே நுழைந்த போலிச் செயலியை, நீக்கப்படும் முன் பத்து லட்சம் முறைக்கு மேல் பதிவிறக்கியிருந்தார்கள். உருவாக்கியவர் பெயரில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியைச் சேர்த்திருந்ததால் அசலுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை. நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள இணைப்பு வழியாகக் கடைக்குள் போவதே நல்லது.

இவ்வளவு ஆபத்து இருக்கிறதென்று வெளிவழியை முற்றிலும் மூடச் சொல்வதை நான் ஏற்கவில்லை. அதே 2017இல் சீன அரசின் விதிகளைக் காட்டி ஆப்பிள் தன் கடையிலிருந்து, இணையத் தடைகளைத் தாண்ட உதவும் விபிஎன் செயலிகளை நீக்கியபோது, அங்கிருந்த ஐபோன்காரர்களுக்கு மாற்றுக் கடை இல்லை. ஆண்ட்ராய்டிலோ, மூலநிரல் (செயலி எழுதப்பட்ட நிரல்) யாரும் பார்க்கும்படி வெளிப்படையாக உள்ள செயலிகளை மட்டும் தரும் எஃப்-டிராய்டு போன்ற கடைகள் இந்த வெளிவழியால்தான் இயங்குகின்றன.

சந்தேகத்துக்குரிய செயலியை ஏற்கெனவே நிறுவிவிட்டிருந்தால், முதலில் இணையத்தைத் துண்டித்து, வேறொரு போனிலிருந்து வங்கிக்கும் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள்.